இருபத்தோரு அடி வீடு

வாங்க, வாங்க. போன்ல பேசுனது நீங்கதானுங்களே? காரை அங்கயே ரோட்டோரமா விட்டுருங்க. உள்ள எடமில்லீங்க, இருக்கற எடத்தையெல்லாம் இவன் அடைச்சுட்டு நிக்கறான். விளம்பரத்துல பாத்தீங்களே, அவனேதான். இருபத்தோரு அடி. நேர்ல பாத்தா இன்னும் பெருசாத் தெரியும். சொந்த வீட்டு வாசலை மறைச்சுட்டு நின்னா நெம்ப நெம்பப் பெருசாத் தெரியும்.

எந்தூருங்க உங்களுக்கு? காங்கேயமா? அட! நமக்குச் சென்னிமலைங்க. பேரே சென்னியப்பன்தான். அப்பறம் என்ன, பக்கத்தூர்க்காரர் ஆயிட்டீங்க, சிட்னியில வந்து இதைவிட ஒறவு எங்க கெடைக்கப் போகுது? உங்ககிட்ட ஒளிச்சுப் பேச வேண்டியதில்லை. உங்க வீட்டுக்காரம்மா வரலீங்களா? கூட்டிட்டு வந்திருக்கலாம். இல்லை, வராததும் நல்லதுக்குத்தான்.

எதுக்கு விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. எல்லாருமே அதைத்தான் கேக்கறாங்க. ஒழுகுதான்னு ஒருத்தர் கேட்டாரு. ஒழுகலீங்க. எங்கயாவது அடிபட்டதான்னு ஒருத்தர். ஒரே ஒரு கம்பத்துல லேசா ஒரசுனதுதான், அந்தக் கதைக்கு அப்பறம் வரேன். இன்னொரு ஆளு என்ஜின் எப்படீன்னு கேட்டாரு. கார்ல கட்டி இழுத்துட்டுப் போற கேரவனுக்கு ஏதுங்க என்ஜின்? அவருக்கு நான் விக்க மாட்டேன்னுட்டேன்.

காரணம் ஒண்ணே ஒண்ணுதான். என் சம்சாரம் இதுக்குள்ள குடியிருக்கறா.

சிரிக்காதீங்க தம்பி. நெசமாத்தான் சொல்றேன். பின்னால திரும்பிப் பாருங்க, நாலு பெட்ரூம் வீடு. ரெண்டு பாத்ரூம். ஆறு பேரு உக்காந்து சாப்புடற தேக்கு மேசை. முப்பது வருசம் ரொட்டிக் கம்பெனியில மெஷின் ரிப்பேர் பாத்து, ரொட்டி வாசமே புடிக்காமப் போயி, அப்படிச் சம்பாரிச்ச வீடு. அதுல இப்ப யாரு இருக்கறா? நான் ஒருத்தன். மகாராணி வாசல்ல தனிக்குடித்தனம். ஆறு வாரமாச்சுங்க.

அவ பேரு மரகதம். இப்ப சமைச்சு வெச்சுட்டுக் கடைக்குப் போயிருக்கறா, தயிர் வாங்க. வர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீங்க பாத்துட்டு, புடிச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா முடிச்சுக்கலாம். அவளுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா என்ன, என் பேர்லதான வண்டி இருக்குது? ஆனாலும் தெரியாம முடிஞ்சா நல்லது.

இதுல வேடிக்கை என்னன்னா, ஊர் சுத்தோணும்னு ஆசைப்பட்டது நான். அவளுக்கு இஷ்டமே இல்லை. ரிட்டயராகி வீட்ல சும்மா உக்காந்திருக்கறப்ப, ஆஸ்திரேலியாவை ஒரு சுத்து சுத்தி வந்துரலாம்னு இதை வாங்கிட்டு வந்து நிறுத்துனேன். "நாடோடியாட்டம் ஊர் ஊராப் போறதுக்கா உங்களைக் கட்டிக்கிட்டேன்?"னு அழுதா. எப்படி அழுதாங்கறீங்க! ஆறு பர்னர் அடுப்பைக் கட்டிப் புடிச்சுட்டு அழாத கொறைதான். இன்னிக்கு அதே அடுப்பு ஒட்டடை புடிச்சுக் கெடக்குது. கேட்டா, "அது உங்க அடுப்பு, நீங்க பத்த வெச்சுக்குங்க"ங்கறா.

அவ மனசு ஆறட்டும்னு பூசை போட்டேனுங்க. காருக்கு நாலு சக்கரம், கேரவனுக்கு நாலு, ஆக எட்டு எலுமிச்சம்பழம். பூசணிக்காயை ஓங்கி ஒடைச்சதுல எதுத்த வீட்டு லொரைன் பயந்து ஓடி வந்து, யாராவது விழுந்துட்டீங்களான்னு கேட்டா. திருஷ்டிக்கு எலுமிச்சையும் பச்சை மொளகாயும் கோத்துக் கேரவன் மூஞ்சியில தொங்கவுட்டோம். உள்ள அந்தச் சின்ன அடுப்புல பாலும் காய்ச்சுனோம், புது வீடு குடி போறாப்புல. அதுதான் நான் பண்ண மொதத் தப்பு. பால் பொங்குனதும் அவ அதை வீடுன்னே முடிவு பண்ணிட்டா போலிருக்குது. நான் இப்படித்தான் நெனைக்கறேன். வேற என்ன காரணம் இருக்க முடியும்?

பதினாலு மாசம் போனோம். மேக்கால பாத்துப் போயி, வடக்கால ஏறி, கெழக்கால எறங்கி வந்தோம். சவுத் ஆஸ்திரேலியாவுல மேக்கால போகப் போக நல்லார்பர்னு ஒரு பொட்டக்காடு வருதுங்க. கண்ணுக்கெட்டுன தூரம் மரம் கெடையாது. அதுக்கு நடுவுல மேற்கு மாநில எல்லையில சோதனைச் சாவடி. பழம், காய், செடி எதுவும் அந்தப் பக்கம் கொண்டு போகக்கூடாது, பூச்சி பரவுமாம். அங்க ஒரு ஆபீசர் வந்து, ஏதாவது இருக்குதான்னு கேட்டான். நான் இல்லைன்னேன். இவ என் பின்னாலயே நின்னுட்டு, இருக்குதுன்னா. கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம்னு ஒவ்வொண்ணா எடுத்து நீட்டறா, சீர்வரிசைத் தட்டாட்டம். அவனும் நல்ல மனுசன், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிச் சொல்லி எல்லாத்தையும் தொட்டியில போட்டான். போறப்ப வண்டி மூஞ்சியைப் பாத்தான். இது என்னன்னான். இது திங்கறதுக்கில்லை, கண்ணு படாம இருக்கறதுக்குன்னேன். எலுமிச்சம்பழந்தானேன்னான். ஆமான்னேன். கத்திரியை எடுத்தான், நறுக்குன்னு வெட்டித் தொட்டியில போட்டுட்டான். ஒரு மாசமா வெயில்ல காஞ்சு கருவாடாட்டம் கெடந்த எலுமிச்சை! அதுலயிருந்து என்னத்தப் பரவப் போகுது?

மூணாம் நாளு எஸ்பெரன்ஸ்ங்கற ஊர்ல கம்பத்துல இடிச்சுட்டேன்.

கயித்தை வெட்டுனதாலன்னு அவ இன்னைக்கும் சொல்றா. கயிறும் இல்லை, ஒண்ணும் இல்லை, அவ வாயாலதான் இடிச்சது. கேரவனைப் பின்னால எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா அது வலது பக்கம் போகும். பொண்டாட்டி பின்னால நின்னு கைகாட்டோணும். இவ நின்னா. கம்பம் ஒரு மொழம் இருக்கறப்ப, "ஏனுங்க, கொஞ்சம் பாத்து வந்தீங்கன்னாத் தேவலைங்க, இங்க ஒரு கம்பம் இருக்குதுங்க"ன்னா. அவ மொத 'ங்க' சொல்றப்பவே இடிச்சாச்சு. புருசனுக்கு மரியாதை குடுக்க வேண்டியதுதான், வேண்டாங்கலை. அதுக்கு ஒரு நேரங்காலம் இல்லையா? வெள்ளைக்காரியா இருந்தா 'நில்லு'ன்னு ஒரே கத்துல முடிச்சிருப்பா.

பக்கத்துக் கேரவன்ல ஷெரில்னு ஒரு பொம்பளை. எழுவது வயசு. இதையெல்லாம் பாத்துட்டு வந்து, அடுத்த நாளே மரகதத்தைக் கூட்டிட்டுப் போயி, ஒரு காலி மைதானத்துல ஓட்டக் கத்துக் குடுத்தா. ஆறே நாளு. அதுக்கப்பறம் ராத்திரி தங்க எந்தக் கேரவன் பார்க்குக்குப் போனாலும் இவதான் பின்னால எடுத்து நிறுத்தறது. ஒரே எடுப்பு. கத்தியால வெட்டுனாப்புல போயி நிக்கும். அங்கிருக்கற ஆம்பளைகல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்து பாத்துட்டுக் கை தட்டுவானுக. நானாத்தாங்க விட்டுக் குடுத்தேன். எனக்குக் கழுத்து வலி. இந்தச் செவத்துக்கும் அந்த வேலிக்கும் நடுவுல இவன் போக உள்ளங்கை அகலம்கூட எடமில்லை, பாருங்க. இவளைத் தவிர வேற யாரும் இங்க நிறுத்தியிருக்க முடியாது. நீங்க வாங்குனாலும், வெளிய எடுத்துக் குடுக்க அவதான் வரோணும். அதை அப்பறம் யோசிக்கலாம்.

என்ன கேட்டீங்க? ஆமா, உள்ள பாக்கலாம், இருங்க, அவசரப்படாதீங்க. மொதல்ல விசயத்தைக் கேட்டுட்டு வாங்க.

எங்க வீட்ல ஒரு பழக்கம். உங்க வீட்லயும் இருக்கும். நான் உக்காருவேன், அவ நின்னு பரிமாறுவா. நான் எந்திரிச்சதுக்கப்பறம் அவ உக்காருவா. யாரும் சட்டம் போடலை. எங்கம்மா அப்படி, அவங்கம்மா அப்படி. நாப்பத்தொரு வருசம் அப்படித்தான் போச்சு. ஆனா கேரவன்ல பாருங்க, நிக்கறதுக்கு எடமில்லை. நடுவுல நடைபாதை ஒரு ஆளு அகலம். இவ கரண்டியோட நின்னா முதுகு அடுப்புல முட்டுது, நிமிந்தா தலை அலமாரியில முட்டுது. மொத வாரம் நாலு தடவை முட்டிக்கிட்டா. அஞ்சாவது தடவை ரசம் என் மடியில. "அட, உக்காந்து தொலை"ன்னு கத்துனேன். எதுத்தாப்புல உக்காந்தா. சோத்துப் போசியைக் கரண்டியோட நடுவுல வெச்சா. அவங்கவங்க போட்டுக்கிட்டோம்.

அப்படியே பதினாலு மாசம். ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து, ஒட்டுக்கா எந்திரிச்சோம்.

கேரவன் பார்க்குல இன்னொரு கொடுமை என்னன்னா, பாத்திரம் கழுவறதுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு எடம். போயிப் பாத்தா அத்தனையும் ஆம்பளைக. சோப்பு நொரையில கை வுட்டுட்டு வரிசையா நின்னு பேசிட்டிருக்கறானுக. என் பொண்டாட்டியை அங்க அனுப்புனா எப்படியிருக்கும்? எனக்கு மானம் போயிராதா? அதனால நான் போனேன். என் தட்டையும் கழுவுனேன், அவ தட்டையும் கழுவுனேன். கெவின்னு ஒரு சிநேகிதன்கூட அங்கதான் கெடைச்சான், நல்ல மனுசன். இவ அந்த நேரத்துல வெளிய நாற்காலியில காலை நீட்டி உக்காந்துட்டு வானத்தைப் பாப்பா. பாட்டு வேற. எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருசம் கழிச்சுத்தான் அவ பாடுவான்னே தெரியும். சுமாராத்தான் பாடுவா.

உக்காந்து சாப்புட்டதுல இன்னொண்ணு வெளிய வந்துச்சு. அதைக் கேட்டா உங்களுக்கே கோவம் வரும். காங்கேயத்துக்காரருக்கு அரிசிம்பருப்பைப் பத்தி நான் சொல்லோணுமா? அரிசியும் பருப்பும் ஒட்டுக்கா வேகவெச்சு, மேல நெய்யை ஊத்துனா வேற என்னத்துக்கு மனுசன் பொறந்தான்னு தோணுமுங்களே. வாரத்துக்கு ரெண்டு நாள் எங்க வீட்ல அதுதான். நல்லார்பர்ல ஒரு நாளு அதைச் செஞ்சா. நான் ரெண்டாவது வாட்டி போட்டுட்டேன், அவ தட்டுல ஒரு கரண்டி அப்படியே கெடக்குது. ஏன்னு கேட்டேன். "எனக்குப் புடிக்காதுங்க"ன்னா. எப்பயிருந்துன்னேன். "எப்பவுமே"ன்னா.

நாப்பத்தொரு வருசம்! வாரத்துக்கு ரெண்டு! கணக்குப் போட்டுப் பாருங்க. புடிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே, இது துரோகமில்லையா? "சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"ன்னேன். "நீங்க எப்பப் பாத்தீங்க, நான் சாப்புடறதை?"ன்னா. இது ஒரு பதிலுங்களா? நான் அன்னைக்கு அரை நாளு பேசலை. ஆனா பேசாம இருக்கவும் முடியாது, ரோடு நூத்தி நாப்பத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமப் போகுது, பக்கத்துல வேற ஆளு இல்லை. அப்பறம் ஒரு ஏற்பாடு. அன்னிலயிருந்து ரெண்டு போசி. எனக்கு அரிசிம்பருப்பு, அவளுக்கு வெறுஞ்சோறும் தக்காளி ரசமும். ரசம் நான் வெச்சேன். சும்மா பொழுது போகோணுமே, அதுக்காக. நல்லாருக்குதுன்னு சொல்லித்தான் குடிச்சா.

சரி. இப்ப நம்ம விசயத்துக்கு வரேன். ஊரு வந்து சேந்தோம். வீட்டைத் தொறந்தோம். எனக்கு எப்படியிருந்துச்சுங்கறீங்க! மனுசன் மாதிரி நிமிந்து நடக்கலாம், கையை நீட்டிச் சோம்பல் முறிக்கலாம். "மரகதம், இன்னைக்கு வீட்டுச் சாப்பாடு. நல்லா அரிசிம்பருப்பு செய்யி, அப்பளம் பொரி"ன்னேன். தப்புங்களா? பதினாலு மாசம் கழிச்சு வந்திருக்கறோம். தேக்கு மேசையைத் தொடைச்சு, என் எடத்துல உக்காந்தேன். அவளும் செஞ்சா. வந்து நின்னா. பரிமாறுனா. "கொஞ்சம் நெய்யி"ன்னேன், ஊத்துனா. "அப்பளம் இன்னொண்ணு"ன்னேன், வெச்சா. பழையபடி எல்லாம் கெரமமா, ஒழுங்கா நடந்துச்சு. நான் தட்டை அங்கயே வெச்சுட்டு, கை கழுவிட்டு, கிரிக்கெட் பாக்கப் போயிட்டேன். அவ்வளவுதாங்க நடந்தது. ஒரு சண்டையில்லை, ஒரு சத்தமில்லை.

கொஞ்ச நேரங்கழிச்சுப் பாக்கறேன், தலகாணியை எடுத்துட்டு வெளிய போறா. "எங்க?"ன்னேன். "சித்த நேரம் தூங்கி எந்திரிக்கறேன்"ன்னா. அந்தத் தூக்கந்தான் ஆறு வாரமா நடந்துட்டிருக்குது.

நான் என்னங்க பண்ணேன்? நீங்களே சொல்லுங்க. சாப்புடத்தான உக்காந்தேன்?

போயிக் கேட்டேன். வாசல்படியில நின்னு, "உனக்கு என்ன கொறை?"ன்னு கேட்டேன். "ஒரு கொறையுமில்லை. வேணும்னா நீங்க இங்க வந்து சாப்புடுங்க"ன்னா. எப்படி இருக்குது பாருங்க. நாலு பெட்ரூம் வீட்டுச் சொந்தக்காரன், சொந்த வாசல்ல கேரவன்ல ஏறிப் போயிக் குனிஞ்சு உக்காந்து சாப்புடோணுமாம். லொரைன் பாத்தா என்ன நெனைப்பா? முடியாதுன்னு சொல்லீட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் நானும் உள்ள காலே வெக்கலை. எனக்கும் ரோசம் இருக்குதில்லீங்களா?

பொண்ணு ஒருத்தி இருக்கறா, யமுனா, பிரிஸ்பேன்ல. அவளுக்குப் போன் பண்ணி, உங்கம்மாவுக்குப் புத்தி பெரண்டு போச்சு, டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்பா, நீங்க சாப்புட்ட தட்டை யாரு எடுத்தா?"ன்னா. நான் என்ன கேக்கறேன், இவ என்ன கேக்கறா? தட்டுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்? படிச்ச புள்ளை. போனை வெச்சுட்டேன்.

தட்டுன்னதும் ஞாபகம் வருது. என் தட்டையும் தூக்கிட்டுப் போயிட்டாளுங்க! எவர்சில்வர் தட்டு, மாமனார் வீட்டுச் சீரு, என் பேரும் கல்யாணத் தேதியும் வெட்டி இருக்கும். வந்த அன்னைக்கு அதுலதான் சாப்புட்டேன், அதோட சரி, காணோம். வீட்ல ஒரு அலமாரி வுடாமத் தேடிட்டேன். கேக்கறதுக்கும் ரோசம் வுடலை. ஒருத்திக்கு எதுக்குங்க ரெண்டு தட்டு? நான் இப்ப கேரியர் மூடியில போட்டுத் திங்கறேன்.

கேரியர்தாங்க, டிபன் கேரியர். சும்மா சொல்லக்கூடாது, பட்டினி போடலை. தெனமும் வரும். அதுலயும் ஒரு கூத்து. பன்னண்டரைக்கெல்லாம் தாளிக்கற வாசம் இங்க வந்துரும். பசி கொடலைப் புடுங்கும். ஆனா கேரியர் ஒன்றரைக்குத்தான் வரும். அந்த ஒரு மணி நேரம் உள்ள என்ன பண்றான்னு சாமிக்குத்தான் வெளிச்சம். ஒரு சத்தமும் இருக்காது. ஜன்னல் தெரை மட்டும் அப்பப்ப லேசா நகரும். ஒன்றரைக்குக் கேரியரைக் கொண்டாந்து சமையக்கட்டு மேடையில டொக்குன்னு வெச்சுட்டுப் போயிருவா. சோறு ஆறிப் போயிருக்கும். வேணும்னே ஆற வெக்கறா. பழி வாங்கறது.

சிரிப்பா இருக்குதுங்களா உங்களுக்கு? இருக்கும். எனக்கு இல்லீங்க. ஒண்ணு சொல்றேன், காங்கேயத்துக்காரர்ங்கறதால சொல்றேன். வீட்ல ஆளில்லாட்டி பிரிட்ஜு சத்தம் எத்தனை பெருசாக் கேக்குது தெரியுங்களா? நாலு பெட்ரூம்லயும் மாறி மாறிப் படுத்துப் பாத்துட்டேன். தூக்கம் வரலை. கேரவன்ல அந்த ஒடுக்கமான கட்டில்ல, அவ முழங்கை என் விலாவுல குத்தக் குத்தத் தூங்கிப் பழகிப்போச்சு. எனக்கு அவ வேணுமுங்க. வீட்டுக்குள்ள வரோணும். அதுக்குத்தான் விக்கறேன். இது இல்லைன்னா வந்துதான ஆகோணும்? வேற எங்க போவா?

வாங்க, உள்ள போலாம். இது மாத்துச் சாவி. செருப்பைக் கழட்டிருங்க, இல்லாட்டி சத்தம் போடுவா. தலை, தலை! பாத்து. எல்லாருக்கும் மொத நாளு முட்டும்.

இதுதான் கட்டில். மெத்தை புதுசுங்க, டார்வின்ல வாங்குனது. ரெண்டு தலகாணி. பாத்தீங்களா, ரெண்டையும் அவளே வெச்சிருக்கறா. இது அலமாரி. இது பாத்ரூம். கக்கூஸ் டேங்க்கைக் கொண்டு போயிக் கொட்டறது ஆம்பளை வேலை, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லீர்றேன். இது அடுப்பு. தொடாதீங்க, போசி சூடா இருக்குது.

ரெண்டு போசி.

இருங்க, ஒரு நிமிசம். மூடியைத் தொறந்து பாக்கறேன். இது ரசம். தக்காளி ரசம்தான், ஆனா பூண்டை நசுக்காமப் போட்டிருக்கறா, நான் வெச்சா இப்படி இருக்காது. இது... அரிசிம்பருப்பு. நெய்யி வேற ஊத்தியிருக்கறா. இவளுக்குப் புடிக்காதுங்களே. எனக்குக் கேரியர்ல வர்றதுக்காக இருக்கும்.

இதுதான் மேசை. மடக்கலாம். ரெண்டு பக்கமும் பெஞ்சு. இந்தப் பக்கம் நான் உக்காருவேன், ஜன்னலோரம். அந்தப் பக்கம்...

அட.

என் தட்டுங்க இது. பாருங்க, பேரு வெட்டியிருக்குதுங்களா? ஆறு வாரமாத் தேடறேன், இங்க இருக்குது. கழுவித் தொடைச்சு, என் எடத்துல வெச்சிருக்கறா. பக்கத்துல தண்ணி டம்ளரு. எதுத்தாப்புல அவ தட்டு.

அவளுக்கு ஞாபக மறதிங்க. அறுவத்து நாலு வயசாச்சில்லையா? பதினாலு மாசம் ரெண்டு தட்டு வெச்சு வெச்சுக் கை பழகிப் போயிருக்கும். இருக்கறது ஒரு ஆளுன்னு மறந்து எடுத்து வெச்சுருவா போலிருக்குது. பன்னண்டரைக்குச் சமையல் முடியும். தட்டை எடுத்து வெப்பா. அப்பறம்...

ஒன்றரைக்குத்தானுங்க கேரியர் வரும்.

ஒன்றரைக்குத்தான் வரும்.

என்னங்க? வெலையா? சொல்றேன், இருங்க. மொதல்ல இந்தப் பெஞ்சு எப்படி இருக்குதுன்னு உங்களுக்குக் காட்டோணுமில்லை. இப்படி உள்ள நகந்து, முழங்காலை மடக்கிக்கோணும். பாத்தீங்களா, சரியாப் பொருந்துது. ஜன்னல்லயிருந்து பாத்தா எங்க வீட்டு வாசப்படி நேராத் தெரியுது. யாரு வர்றா, யாரு வரலைன்னு உக்காந்த எடத்துலயிருந்தே பாத்துக்கலாம். இந்தத் தெரையைக் கொஞ்சம் நகத்துனாப் போதும்.

கார் சத்தம் கேக்குதுங்களா? அவதான். அரை மணி நேரம்னு நெனைச்சேன், சீக்கிரம் வந்துட்டா. பதறாதீங்க, நீங்க அப்படியே நில்லுங்க. நான் பேசிக்கறேன்.

மரகதம், இவரு காங்கேயம். நம்ம பக்கந்தான். சும்மா... சும்மாத்தான் வந்தாரு. கேரவன் எப்படி இருக்கும்னு பாக்கோணும்னாரு, நான் உக்காந்து காட்டிட்டிருந்தேன்.

கையா? இல்லை, கழுவலை. கழுவறேன்.

ரசத்துக்குப் பூண்டை நசுக்கிப் போடோணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்? நாளைக்கு நான் வெக்கறேன், நீ பேசாம இரு. நீ நிக்காத. தலை முட்டும். உக்காரு.

பாத்தீங்களா தம்பி, வந்ததும் அதிகாரம். கையைக் கழுவு, காலைக் கழுவுன்னு. இவகூடப் பதினாலு மாசம் நான் எப்படிக் குப்பை கொட்டியிருப்பேன், யோசிச்சுப் பாருங்க. வெலையை நான் அப்பறம் போன் பண்ணிச் சொல்றேன். இல்லை, சொல்லலைன்னாலும் நீங்க ஒண்ணும் தப்பா நெனைச்சுக்காதீங்க. வந்த ஒறம்பரையைச் சாப்புடாம அனுப்பறது நம்ம பக்கம் வழக்கமில்லை, எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனா இன்னைக்கு நீங்க கெளம்புங்க. உங்க கண்ணாலயே பாக்கறீங்க, இந்த மேசையில ரெண்டு பேருக்குத்தான் எடம்.